பெருந்தொகை ஆயுட் காப்புறுதியும் அதன் கட்டணமும்

ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற நண்பர் இருவர் உளர் எனக் கொள்வோம். இருவருக்கும் வயது முப்பத்தைந்து. இருவரும் ஒரே கம்பனியிடம், இருபத்தைந்து ஆண்டு காலத்துக்கு, இரண்டு கோடி ரூபாவுக்குத் தத்தம் ஆயுளைக் காப்புறுதி செய்ய விரும்புகின்றனர். சில வாரங்கள் கழித்துக் கம்பனியின் விடை வருகின்றது. முதல்வருக்கு விதிக்கப்பட்ட கட்டணத்தைப் போல இரு மடங்கு மற்றவருக்கு விதிக்கப்பட்டிருக்கின்றது. அவர் சினங்கொள்ளுதல் இயல்பே. "முன்னர் ஐந்து இலட்சம் ரூபாவுக்குக் காப்புறுதி செய்தபோது எம்மிருவருக்கும் ஒரே கட்டணமன்றோ விதித்தார்கள்? தொகை பெருகினாற் கட்டணமும் அதே விகிதத்திற் பெருகவேண்டுமேயன்றி, ஆளுக்கு ஆள் வேறுபடுவானேன்?" என அவர் கேட்கின்றார். கேள்வி நியாயமானதே. இதற்கு விடை காண்போமாயின், பெருந்தொகைக் காப்புறுதியின் விலை எவ்வாறு அமைகின்றது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

இவ்விடயம் இன்று நம்மவர் பலருக்கு வேண்டியதாயிற்று. கல்லூரியை விட்டு நீங்கிய முந்திய தலைமுறையினர் பலர் அரசாங்க சேவையை நாடினர். ஓய்வூதியம் அவர்களைக் காத்தது. அவர்க்குப்பின் மனைவி மக்களைக் காத்தற்கு 1898 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாலமைந்த விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதி இருந்தது. இன்றோ தனியார் கம்பனிகளிலும், சொந்த வணிகத்திலும், பிறநாடுகளிலும் தொழில் புரிவோர் தொகை மிகுந்துவிட்டது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்விச் செலவும் ஒருவரது உழைப்பின்மீதே தங்கி நிற்கின்றன. அதன்மேல், 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபது அளவை எட்டியபோது, முன்பு பெருந்தொகையெனக் கருதப்பட்டவை சிறுத்துப்போயின. பத்து இலட்சத்தைப் பெரிதென நினைத்தோர் கோடிக் கணக்கிற் சிந்திக்க வேண்டியவராயினர்.

காப்புறுதியின் அடிப்படையை அறிதற்கு நெடுந்தூரஞ் செல்லவேண்டியதில்லை. நம் கிராமங்களில் உள்ள மரண சகாய நிதிச் சங்கங்களை எண்ணிப் பார்க்க. இருநூறு குடும்பங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்திருக்கின்றன. ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்தால் ஏனைய வீட்டார் ஆளுக்கு 250 ரூபா கொடுப்பர். 50,000 ரூபா சேர்ந்துவிடும். இருபத்தைந்து வயது இளைஞனும் எழுபது வயது முதியவரும் ஒரே தொகைதான் கொடுக்கின்றனர். எவரும் எவரையும் வைத்தியரிடம் அனுப்புவதில்லை. தொகை சிறிது, அயலவரென்னும் உறவு பெரிது, எனவே சங்கம் இனிது நடைபெறுகின்றது.

அதே சங்கம் மரணமொன்றுக்கு இரண்டு கோடி ரூபா கொடுப்பதாக இருந்தால் என்ன நிகழும்? ஒவ்வொரு மரணத்துக்கும் ஆளுக்கு ஓர் இலட்சம் ரூபா கொடுக்கவேண்டும். உடல்நலமுள்ள இளைஞன், "முதியவருக்காக நான் ஏன் இத்துணை கொடுக்கவேண்டும்?" என்று விலகுவான். நோயாளியோ கடன்பட்டேனுஞ் சேர்ந்துகொள்வான். இளையோர் விலக விலக எஞ்சியோரின் பங்கு உயரும். பங்கு உயர உயர மேலும் பலர் விலகுவர். ஈற்றில் நோயாளரே நிறைந்த சங்கமாகி அது முறிந்துபோகும். தமது உடல்நிலையைத் தாமே நன்கறிந்தவர், அவ்வறிவைக் கொண்டு தமக்கு ஆதாயமாகக் காப்புறுதியை நாடும் இச்செயலைக் காப்புறுதித் துறையினர் எதிர்த்தெரிவு என்பர். சிறுதொகையில் அது தலைகாட்டுவதில்லை. பெருந்தொகையிலோ அதுவே முதற் பகையாகின்றது. நம் இரண்டாம் நண்பரின் கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இங்கேயே உளது.

இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. இலண்டன் நகரத்தில் உண்மையாகவே நிகழ்ந்த வரலாற்றோடு தொடர்புடையது. அங்கு 1706 இல் தோன்றிய அமிக்கபிள் சங்கம் ஏறத்தாழ நம் மரண சகாய சங்கம் போன்றதே. சேர்ந்தோர் யாவரும் வயது வேறுபாடின்றி ஒரே அளவு பணஞ் செலுத்தினர். அவ்வாறு நடத்துதற்கு அச்சங்கங் கண்ட உபாயம் நாற்பத்தைந்து வயதைக் கடந்தோரைச் சேர்த்துக் கொள்ளாமையே. அங்ஙனம் மறுக்கப்பட்டவருள் ஒருவர் ஜேம்ஸ் டொட்சன் என்னுங் கணித ஆசிரியர். கணித ஆசிரியரை மறுத்தல் எளிது. அவரது வாயை அடைத்தல் எளிதன்று! ஒவ்வொரு வயதினர்க்கும் அவ்வவ் வயதுக்குரிய கட்டணத்தை விதித்தால் எவரையும் வயது காரணமாக விலக்கவேண்டியதில்லை என்று அவர் கணித்துக் காட்டினார். அதற்கு வேண்டிய நெறி முன்னரே பிறந்திருந்தது. வால்வெள்ளியாற் பெயர்பெற்ற எட்மண்ட் ஹலி, பிரெஸ்லோ நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு, எவ்வயதில் எத்தனை பேர் எஞ்சியிருப்பர் என்னும் அட்டவணையை 1693 இல் வெளியிட்டிருந்தார். டொட்சன் 1757 இல் இறந்தார். அவர் வகுத்த முறையைப் பின்பற்றி எக்குயிற்றபிள் சங்கம் 1762 இல் எழுந்தது. இன்றைய ஆயுட் காப்புறுதி யாவும் அவ்வழி வந்தனவே.

வயதுக்கேற்ப மரணம் எவ்வளவு விரைந்து மிகுகின்றது என்பதை 1825 இல் பெஞ்சமின் கொம்பேட்ஸ் என்பார் ஆராய்ந்து, அது கூட்டல் முறையிலன்றிப் பெருக்கல் முறையில் உயர்கின்றது எனக் கண்டார். வளர்ந்தோரிடத்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இரட்டிக்கின்றது. இதன் பொருளைச் சிறு கணக்காற் காண்போம். முப்பது வயதினர் ஆயிரவருள் ஓராண்டில் ஒருவர் இறப்பர் எனக் கருதினால், முப்பத்தெட்டில் இருவர், நாற்பத்தாறில் நால்வர், ஐம்பத்துநான்கில் எண்மர், அறுபத்திரண்டிற் பதினறுவர் இறப்பர். இரண்டு கோடி ரூபாக் காப்புறுதிக்கு முப்பது வயதில் ஓராண்டின் மரணச் செலவு 20,000 ரூபா. அறுபத்திரண்டில் அதுவே 3,20,000 ரூபா. (இங்குள்ள எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவை, கம்பனிகளின் அட்டவணைகள் வேறுபடும்.) இவ்வாறு ஏறிச்செல்லுங் கட்டணத்தை முதுமையில் எவருஞ் செலுத்த மாட்டாராதலின், காலம் முழுவதற்கும் ஒரே அளவான கட்டணத்தை விதிக்கும் முறை வந்தது. இளமையில் வேண்டியதற்குச் சற்று மிகுதியாகச் செலுத்துகின்றோம். அம்மிகுதி வட்டியோடு வளர்ந்து பிற்காலக் குறையை நிரப்புகின்றது. நாற்பதாம் வயதில் இருபத்தைந்து ஆண்டுக்குக் காப்புறுதி செய்பவர் முப்பதில் அவ்வாறு செய்தவரினும் பன்மடங்கு செலுத்த நேர்வது இதனாலேயே. அவர் வாங்குவது பத்து ஆண்டு பிந்திய இருபத்தைந்து ஆண்டுகளை, அவ்வாண்டுகளே விலைமிக்கவை.

வயதுக்கு அடுத்தபடி எண்ணப்படுபவை பல. பெண்கள் ஆண்களினும் நீண்டகாலம் வாழ்தலின் பல நாடுகளில் அவர்க்குக் கட்டணங் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2011 இல் வழங்கப்பட்ட நீதிமன்றத் தீர்ப்பின்படி 2012 டிசெம்பர் தொடக்கம் இருபாலார்க்கும் ஒரே கட்டணம் விதித்தல் வேண்டும். தொழிலும் வாழிடமும் நோக்கப்படும்: சுழியோடுபவர், விமானமோட்டி, வெடிபொருளோடு பழகுபவர் ஆகியோர் எழுதுவினைஞரினும் மிகுதியாகச் செலுத்துவர். தாய் தந்தையர் இளவயதில் மாரடைப்பால் இறந்தனரா என்ற கேள்வியும் படிவத்தில் வரும்.

புகைத்தலைப் பற்றிச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். 1964 இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் புகைத்தலின் தீமை குறித்து அறிக்கை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே அந்நாட்டுக் காப்புறுதிக் கம்பனியொன்று புகையாதார்க்குக் கட்டணத்தைக் குறைத்து விற்கத் தொடங்கியது. இன்று பல நாடுகளிற் புகைப்பவரின் கட்டணம் புகையாதவரின் கட்டணத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்காக உளது. "நான் சிகரட் தொடுவதில்லை, உணவுக்குப்பின் ஒரு சுருட்டு மட்டுமே" என்று சொல்லும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்க்கு ஒரு சொல்: சுருட்டும் புகைத்தலே! நிக்கொற்றின் உடலிற் சிதைந்து உண்டாகும் பொருளொன்று சில நாட்கள்வரை சிறுநீரிற் காணப்படும். பெருந்தொகைக் காப்புறுதியில் அச்சோதனையும் இடம்பெறுவதுண்டு.

இனி உடல்நிலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் ஒஸ்கார் ரொஜர்ஸ் என்னும் மருத்துவரும் ஆதர் ஹன்ரர் என்னும் அக்சுவரியும் ஒரு முறையை வகுத்தனர். (மரண அட்டவணைகளைக் கொண்டு கட்டணங் கணிக்குங் கணித வல்லுநரே அக்சுவரி எனப்படுவார்.) சராசரி மனிதனின் நிலையை நூறு எனக் கொள்க. இரத்த அழுத்தத்துக்கு இத்தனை, மிகை நிறைக்கு இத்தனை, குடும்ப வரலாற்றுக்கு இத்தனை எனக் கூட்டவேண்டியதைக் கூட்டி, நன்மையானவற்றுக்குக் கழிக்கவேண்டியதைக் கழிக்க. ஈற்றில் வரும் எண் 150 ஆயின், அம்மனிதரது மரண அபாயம் சராசரியினும் நூற்றுக்கு ஐம்பது மிகுதி. கட்டணத்தின் மரணச் செலவுப் பகுதியும் அவ்வளவு மிகும். இம்முறைக்கு முன்னர்ச் சிறு குறையுள்ளவரும் ஏற்கப்படாமல் திருப்பி அனுப்பப்படுவது பெருவழக்கு. மேற்கட்டணத்தை ஒரு தண்டனை என்று கருதுவோர், அது விலக்கப்பட்டவர்க்குத் திறந்த வாயில் என்பதை மறந்துவிடுகின்றனர்.

நம்மவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது நீரிழிவு. தென்னாசிய மக்களிடையே அது மேலை நாட்டாரிடத்திலும் இளவயதிலேயே தோன்றுகின்றது. உடல் பருமனில்லாதவரையும் பற்றுகின்றது. முப்பத்தைந்து வயதில் தாம் நலமுடையவர் எனத் திடமாக நம்பியிருந்த ஒருவர், காப்புறுதிக்காகச் செய்த சோதனையிலேதான் தமக்குச் சீனி வருத்தம் உண்டென முதன்முறை அறிகின்றார். கதையில் வரும் நம் இரண்டாம் நண்பர் அத்தகையவரே. ஐந்து இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தபோது அவர் படிவத்திலுள்ள கேள்விகளுக்கு விடை எழுதியதோடு சரி. சிறுதொகைக்கு வைத்தியச் சோதனை நடத்துவதாயின், சோதனைச் செலவே ஓராண்டுக் கட்டணத்தை விழுங்கிவிடும். ஆகவே கம்பனி சோதியாமல், சோதிக்காமையால் வரக்கூடிய நட்டத்தை எல்லாரது கட்டணத்திலும் சிறிது சிறிதாகப் பரப்பிவிடுகின்றது. இரண்டு கோடி என்றவுடன் அக்கணக்கு மாறுகின்றது. இரத்தம், சிறுநீர், இருதயத்தின் மின்பதிவு, சில வேளைகளில் ஓடுபட்டியில் நடக்கவைத்துச் செய்யும் சோதனை என யாவும் வருகின்றன. எனவே முன்பு இருவருக்கும் ஒரே கட்டணம் இருந்தது அவர்கள் ஒத்த நலமுடையவராய் இருந்தமையால் அன்று, கம்பனி உற்றுநோக்காமையால். ஆராய்ந்தறியப் பணஞ் செலவிடுவது இலாபமென்னும் எல்லையைத் தொகை கடந்தவுடன், சராசரி மறைந்து தனிமனிதன் தோன்றுகின்றான். சோதனையில் நலமுடையவர் எனக் கண்ட முதல்வருக்கு, ஆயிரம் ரூபாக் காப்புறுதிக்கு விழும் கட்டணம் முன்னையதிலும் குறைந்திருக்கலாம் என்பதையுங் கவனிக்க.

உடலை ஆராய்ந்த பின்னர் பணப்பையையும் ஆராய்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தொடர்பற்ற பிறரது உயிர்மீது காப்புறுதி எடுத்துப் பந்தயம் ஆடுதல் ஒரு பொழுதுபோக்காயிருந்தது. பிறரின் சாவிலே தனக்கு நட்டமில்லாதவன் அதன்மீது காப்புறுதி எடுத்தலாகாது என 1774 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுத்தது. அக்கருத்தின் தொடர்ச்சியாகவே, "இவர் இறந்தாற் குடும்பத்துக்கு உண்மையில் நேரும் பணநட்டம் யாது?" எனக் கம்பனி இன்று கேட்கின்றது. இளம் வயதினர்க்கு ஆண்டு வருமானத்தின் இருபது மடங்கு அளவும், ஐம்பதைக் கடந்தோர்க்குப் பத்து மடங்கு அளவும் ஏற்றுக்கொள்வது சாதாரண வழக்கு. வருமானத்துக்கு மிஞ்சிய தொகை கேட்பவரின் விண்ணப்பம் பெரும்பாலும் மேற்கட்டணத்தோடு ஏற்கப்படுவதில்லை. தொகை குறைக்கப்படும் அல்லது மறுக்கப்படும். பெருந்தொகையைச் சிறுதொகைகளாகப் பிரித்து எடுத்துச் சோதனைக்குத் தப்பலாம் எனச் சிலர் உபாயஞ் சொல்வர். முன்மொழிவுப் படிவத்திலேயே ஏனைய காப்புறுதிகள் யாவை என்ற கேள்வி உளது. கம்பனி யாவற்றையுங் கூட்டியே நோக்கும்.

இவ்விடத்தில் வாடிக்கையாளர் காணாத மூன்றாமவர் ஒருவர் உளர். எந்தக் கம்பனியும் ஓர் உயிரின்மேல் தானே தாங்கும் தொகைக்கு ஓர் எல்லை வைத்துள்ளது. அவ்வெல்லையைக் கடந்த பகுதியை மீள்காப்புறுதிக் கம்பனிகளிடம் ஒப்படைக்கும். ஜேர்மனியில் மியூனிக் நகரத்தில் 1880 இலும், சுவிற்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் 1863 இலும் தோன்றியவை இவற்றுட் பெரியன. மிகப் பெரிய தொகையாயின், அல்லது உடல்நிலை சிக்கலானதாயின், விண்ணப்பத்தையே அவர்களுக்கு அனுப்பி, அவர்கள் கூறும் விலையை அறிந்த பின்னரே இங்குள்ள கம்பனி விடை கூறும். கொழும்பில் இருந்து வரும் கடிதத்திலுள்ள எண், இவ்வாறு கடல் கடந்தும் முடிவு செய்யப்பட்டதாக இருத்தல் கூடும். விடை வரச் சில வாரங்கள் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொகை பெரிதாதலால் வரும் ஒரு நன்மையும் உண்டு. பத்திரம் எழுதுதல், பதிவேடு காத்தல், அறிவித்தல் அனுப்புதல் ஆகியவற்றின் செலவு தொகையைப் பொறுத்ததன்று. அது ஆண்டுக்கு 3,000 ரூபா எனக் கொண்டால், ஐந்து இலட்சம் ரூபாக் காப்புறுதியில் ஆயிரத்துக்கு 6 ரூபாவாகும். இரண்டு கோடியில் ஆயிரத்துக்கு 15 சதமே. இதனாற் பல கம்பனிகள் தொகை குறித்த படிகளைத் தாண்டுந்தோறும் வீதத்தைச் சற்றுக் குறைக்கின்றன. படியின் விளிம்பில் நிற்பவர் சிறிது கூட்டிக் கேட்டு, இரு விலைகளையும் ஒப்பிடுதல் நன்று.

எவ்வகைக் காப்புறுதி என்பதும் விலையைப் பெரிதும் மாற்றும். குறித்த காலத்துள் இறந்தால் மட்டும் பணந் தருவது மலிவானது. காலமுடிவில் உயிரோடிருப்பினும் பணந் தருவது, காப்புறுதியோடு சேமிப்பையுஞ் சேர்த்ததாகும். அதன் விலையை மரணத்தினும் வட்டியே மிகுதியாக நிர்ணயிக்கும். இருபத்தைந்து ஆண்டின் பின் ஒரு கோடி ரூபா பெறுதற்கு இன்று ஒரே முறையில் இடவேண்டிய பணம், வட்டி நூற்றுக்கு எட்டாயின் ஏறத்தாழ 14,60,000 ரூபா; நான்காயின் 37,51,000 ரூபா. இவ்வளவு நீண்ட காலத்துக்கு வட்டியை முன்னறிந்து உறுதி கூறுதல் வல்லவர்க்கும் எளிதன்று. டொட்சனின் கணக்கிற் பிறந்த அதே எக்குயிற்றபிள், வட்டி உயர்ந்திருந்த காலத்திற் கொடுத்த ஓய்வூதிய உறுதிமொழிகளை வட்டி வீழ்ந்தபின் தாங்கமாட்டாது, 2000 ஆம் ஆண்டில் நீதிமன்றத் தீர்ப்புக்குப்பின் புதியவரைச் சேர்த்தலை நிறுத்தியது. குடும்பப் பாதுகாப்பே நோக்கமாயின், பெருந்தொகையைக் குறித்த காலக் காப்புறுதியாக எடுத்துச் சேமிப்பை வேறாக வைத்தல் பலர்க்கு ஏற்றது என்பது என் கருத்து. முகவர் அனைவரும் இதனை ஒப்புவர் எனச் சொல்லமாட்டேன்.

படிவத்தை நிரப்பும்போது, "ஐயா, அந்தப் பழைய நெஞ்சுநோவை எழுதவேண்டாம், வீணாகக் கட்டணங் கூடிவிடும்" என்று அன்போடு சொல்லும் முகவரும் உண்டு. இவ்வன்பு அபாயமானது. காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின்மேல் நிற்பது. தாம் அறிந்த முக்கியமான உண்மைகளை விண்ணப்பிப்பவர் கேளாமலே சொல்லவேண்டும் என மான்ஸ்பீல்ட் பிரபு 1766 இல் ஒரு வழக்கில் விளக்கினார். சுமத்திராத் தீவிலுள்ள கோட்டையொன்றைப் பற்றிய வழக்கு அது. (அவ்வழக்கில் வென்றவர் காப்புறுதி எடுத்தவரே. அறிந்திருக்கவேண்டியதை அறியாதிருந்த காப்புறுதியாளர் தம் அசட்டையைப் பிறர்மேற் சுமத்தலாகாது எனவும் அவர் கூறினார்.) ஆயுட் காப்புறுதி குறித்து ஆங்கிலச் சட்டத்தை இத்தீவிற் புகுத்தியது 1866 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆகவே அக்கொள்கை நமக்குப் புறம்பானதன்று. மறைத்துப் பெற்ற மலிவுக் கட்டணத்தின் விலையைச் செலுத்துபவர் மறைத்தவர் அல்லர். இரண்டு கோடி ரூபா கேட்கப்படும்போது, சிறுதொகைக்குச் செய்யாத விசாரணையைக் கம்பனி செய்யும், வைத்தியசாலைப் பதிவுகளைத் தேடும், படிவத்தோடு ஒப்பிடும். அப்பொழுது விடை கூறவேண்டியவர் இல்லை. அவருடைய மனைவி, தாம் காணாத படிவமொன்றில் எழுதப்படாத ஒரு வரிக்காகக் கம்பனியின் வாயிலில் நிற்பார்.

கட்டணம் இரு மடங்கான நம் நண்பர் செய்யக்கூடியவை சில உள. காரணத்தை எழுத்தில் கேட்டறியலாம். சோதனை முடிவுகளைத் தம் வைத்தியரிடம் காட்டலாம். வேறு கம்பனிகளிடம் விலை கேட்கலாம். ஒரே நோயை எல்லாக் கம்பனிகளும் ஒரே எண்ணால் மதிப்பதில்லை. காலத்தை இருபத்தைந்திலிருந்து இருபதாகக் குறைத்தால், விலைமிக்க இறுதி ஐந்தாண்டுகள் நீங்கும். மாதந்தோறுமன்றி ஆண்டுக்கொருமுறை செலுத்தினாற் பெரும்பாலும் சிறு கழிவு கிடைக்கும். சீனியைக் கட்டுப்படுத்தி, ஓரிரு ஆண்டின் பின் மேற்கட்டணத்தை மீள நோக்குமாறு கேட்க இடமுண்டா என்பதைப் பத்திரத்திற் கையொப்பமிடுமுன்னரே வினவி, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளல் வேண்டும். அதுகாறும், முன்னெடுத்த ஐந்து இலட்சம் ரூபாக் காப்புறுதியை அவர் எக்காரணங் கொண்டுங் கைவிடலாகாது. இன்றைய உடல்நிலையில் அதே விலைக்கு அவருக்கு அது மீண்டுங் கிடையாது.